முன்கம்பிக்காரி

இஸ்திரி அக்காவுக்குத் திங்கட்கிழமை காலையில் குரல் வராது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேனிடம் "வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதோடு சரி. ஞாயிறு முழுக்க அவள் வாயைத் திறக்க ஓர் ஆள் கிடையாது. திங்கள் காலையில் அதே வாட்ச்மேன் "என்னக்கா, சாப்டாச்சா?" என்று கேட்கும்போது தொண்டையிலிருந்து துருப்பிடித்த கீல் மாதிரி ஏதோ ஒரு சத்தம்தான் வரும். கனைத்துச் சரிசெய்துகொண்டுதான் "ஆச்சு" என்பாள்.

"ஞாயித்துக்கிழமையானா எங்கயாவது கச்சேரிக்குப் பாடப் போயிடுறீங்களாக்கா? தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"ஆமாம்ப்பா, கூட்டம் தாங்கல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவாள்.

அது ஒரு பெரிய ஹோட்டல். மேலே பன்னிரண்டு மாடியும் பளபளப்பு. கீழே தரைக்கு அடியில் சலவைக்கூடம், பாய்லர் அறை, வேலைக்காரர்கள் ஓய்வெடுக்கும் அறை. விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாதவை எல்லாம் அங்கேதான் இருந்தன. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து மடிப்பார்கள். கிட்ட வருகிற நேரத்தில் ஒரு வம்பு, விலகுகிற நேரத்தில் ஒரு சிரிப்பு. மாமியார், நாத்தனார், பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் அந்த விரிப்புகளுக்குள் மடிந்து மேலே போகும். அக்காவின் வேலை அப்படி இல்லை. சீருடைகளுக்கு இஸ்திரி போடும் இயந்திரம் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து இருந்தது. அதற்கு ஒரே ஆள் போதும். சட்டையை விரி, கைப்பிடியை இழுத்து இறக்கு, ஆவி வரட்டும், தூக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அதே சுவர்.

கல்யாணப் பேச்சு அவளுக்கு வராமலா இருந்தது? வந்தது. வந்து வந்து ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றில் தட்டிப்போனது. அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்தாள். "பார்த்துக்க வீட்ல சும்மா இருக்கிறது அவதானே" என்று அண்ணன் சொன்னான். காலையில் வேலைக்கும் போய், சாயங்காலம் அம்மாவுக்குத் துடைத்தும் விட்டவள் எப்படி ஐயா சும்மா இருந்தவள் ஆனாள்? அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா போன பிறகு அண்ணன் எப்போதாவது போன் பண்ணுவான்.

"நல்லாயிருக்கியா?"

"நல்லாயிருக்கேண்ணா."

"சரி, அண்ணிகிட்ட குடுக்கிறேன் இரு." கொஞ்சம் நேரம் ஆகும். "அவ குளிச்சிட்டிருக்கா."

இத்தனை வருஷத்தில் அண்ணி குளித்து முடித்து அவள் பார்த்ததில்லை.

இப்போது மேசைக்கு வருவோம். மேலே விருந்தாளிகளின் விளையாட்டு அறைக்குப் புதிது வாங்கியபோது, பழைய மேசைக் கால்பந்தைக் கீழே ஓய்வறைக்குத் தள்ளிவிட்டார்கள். பார்த்திருப்பீர்கள்: இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, பச்சைத் தரை, குறுக்கே எட்டுக் கம்பி, கம்பியில் குத்தி வைத்த பொம்மைகள். அந்தப் பக்கத்தாருக்கு நாலு கம்பி, இந்தப் பக்கத்தாருக்கு நாலு. கைப்பிடியை நகர்த்தி, திருப்பி, பொம்மைக் காலால் பந்தை உதைக்க வேண்டும். கீழே எல்லாரும் அதைக் 'கம்பி ஆட்டம்' என்றார்கள். ஒரு சிவப்புப் பொம்மைக்குத் தலை இல்லை, ஒரு நீலப் பொம்மைக்குப் பாதம் மூளி. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு தடவை பாய்லர்காரனோடு ஆடிப் பார்க்கட்டும். அவன் அடிக்கிற பந்து கண்ணுக்குத் தெரியாது, மரப்பலகையில் அது மோதும் சத்தம்தான் கேட்கும்.

பக்கத்துக்கு இரண்டு பேராக ஆடினால் ஆளுக்கு இரண்டு கம்பி. இடது ஓரத்தில் நம்ம கோல். அதைக் காக்கிற இரண்டும் பின்கம்பி. அதைப் பிடிக்கிறவர் இடப்பக்கம் நிற்பார். நடுக்கம்பியும் கோல் அடிக்கிற கம்பியும் முன்கம்பி. அந்த ஆள் வலப்பக்கம். இரண்டு பேரும் தோளோடு தோள், கண் இரண்டும் பந்தின் மேல். கம்பியைக் கைவிட்டுச் சுழற்றக் கூடாது என்பது கீழ்த்தளத்தின் சட்டம். சுழற்றினவன் அன்றைக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பின்கம்பியில் பெரிய கை சரக்கு லிஃப்ட்டை ஓட்டுகிற மனுஷர். அது பழைய காலத்து லிஃப்ட். மடக்குக் கதவை இழுத்துத் திறக்க, மூட ஓர் ஆள் உள்ளேயே நிற்க வேண்டும். நாள் முழுக்க அழுக்குத் துணி வண்டி மேலிருந்து கீழே, வெளுத்த துணி வண்டி கீழிருந்து மேலே. லிஃப்ட்டுக்குள் ஏறுகிற எவனும் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்ப்பான். அவரும் கதவைப் பார்த்துக்கொண்டே நின்று பழகி, பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள் என்பான் பாய்லர்காரன்.

ஒரு நாள் மத்தியானம் அவரோடு முன்கம்பி ஆடுகிற தோட்டக்காரரை மேலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா டீ டம்ளரும் கையுமாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முன்னாடி ஒரு ஆள் வேணும்" என்றார். யாரும் நகரவில்லை. அவளுக்கு என்ன தோன்றியதோ, டம்ளரை மேசை விளிம்பில் வைத்தாள். கை வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு போய் நின்றாள்.

"ஐயோ அக்கா, கை சுளுக்கிக்கப் போகுது!" என்று பாய்லர்காரன் சிரித்தான்.

எங்கே சுளுக்கும்? நாளெல்லாம் இயந்திரக் கைப்பிடியை இழுத்து இறக்குகிற கை. பந்து அவள் பொம்மையின் காலடியில் வந்து நின்றது. சட்டைக் காலரைத் திருப்புகிற மாதிரி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாள். பலகையில் டமார் என்று சத்தம். பாய்லர்காரன் சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது, பந்து அவன் கோலுக்குள் இருந்தது.

இடப்பக்கத்திலிருந்து, "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. பாராட்டென்று வைத்துக்கொண்டால் அவ்வளவுதான் பாராட்டு.

அன்றிலிருந்து தோட்டக்காரருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லிஃப்ட்காரர் இடப்பக்கம், இஸ்திரி அக்கா வலப்பக்கம்; எதிரே பாய்லர்காரனும் வாட்ச்மேனும். அவர் பந்தைத் தன் பொம்மையின் காலடியில் நிறுத்திக்கொண்டு, கம்பியைப் பக்கப் பலகையில் டக் டக் என்று தட்டுவார். வருது, தயாராயிரு என்று அர்த்தம். அடுத்த நொடி பந்து எதிராளிகளின் கால்களுக்கு நடுவில் புகுந்து அவளிடம் வந்திருக்கும். அவள் வெட்டுவாள். கோல் விழுந்தால், "ம்." விழாவிட்டால் அதுவும் இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் யாராவது பேசினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். கம்பியை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பேச்சு நிற்கிறவரைக்கும்.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவள் ஆரம்பத்தில் யோசித்ததுண்டு. அண்ணா என்று சொல்லலாம்தான்; ஆனால் அண்ணன் என்று ஒருத்தன் இருக்கிற லட்சணம் போதும் என்று விட்டுவிட்டாள். மாமா என்றால் பாய்லர்காரன் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. சார் என்றால் ஆட்டம் கெட்டுப்போகும். எதையும் சொல்லாமலே காலம் ஓடியது. கூப்பிட வேண்டிய அவசியமும் வரவில்லை, அவர் பக்கத்திலேயேதானே இருந்தார்.

அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். இரண்டு கைகளையும் நன்றாகத் தெரியும். வலது கட்டைவிரலில் கதவு நசுக்கிய தழும்பு, இடது கை விரலில் கல் இல்லாத மோதிரம். ஆட ஆரம்பிக்கும்முன் சட்டைக் கையை முழங்கைவரை மடிப்பார். அந்தச் சுருக்கம் வாரா வாரம் அவளுடைய இயந்திரத்துக்குத்தான் வரும். ஆவியை இரண்டு மடங்கு விட்டு அதை எடுப்பாள். திங்கட்கிழமையே அவர் மறுபடி மடித்துவிடுவார். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மடிக்காமல் விட்டுவிடுவாரோ என்று இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் டம்ளரை விளிம்பில் வைத்து, வளையலைத் தள்ளிவிட்டு நின்றாள். இடப்பக்கம் ஆள் இல்லை.

"வருவாரு, வண்டி மாட்டியிருக்கும்" என்றான் வாட்ச்மேன். மணி அடித்தது, எல்லாரும் வேலைக்குப் போனார்கள். செவ்வாயும் இல்லை. லிஃப்ட்டில் வேறொரு ஆள் நின்றான். கேட்டதற்கு, "எனக்கு என்னங்க தெரியும்? இங்க நில்லுன்னாங்க, நிக்கிறேன்" என்றான்.

"பெரியவர் கம்பி நீட்டிட்டாரு போல!" என்றான் பாய்லர்காரன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து வைத்தாள்.

வாட்ச்மேன் ஒரு நாள் அவள் பக்கம் வந்து பின்கம்பியைப் பிடித்தான். நல்ல பையன், ஆனால் வாய் ஓயாது. "இந்தாங்கக்கா! பிடிங்கக்கா! அய்யய்யோ அக்கா!" என்று கத்திக் கத்திப் பந்தை அனுப்பினான். ஒன்றைக்கூட அவளால் நிறுத்த முடியவில்லை. கண் பந்தைப் பார்க்கிறது, கை மட்டும் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. அந்த டக் டக் இல்லாமல் அவள் கைக்குப் பந்து வருவதே தெரியவில்லை. அவர்கள் போன பிறகு நாலு கம்பியையும் தானே ஆடிப் பார்க்கலாமென்று இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். பின்கம்பியைத் தொட்டதும் யாரோ ஒருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி கூசியது. கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் மேல்மாடி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அக்கா யோசித்தாள். இவ்வளவு சுலபமான கேள்விக்கு இவ்வளவு நேரமா என்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொந்தமா?"

"இல்லம்மா."

"பக்கத்து வீடா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கூட விளையாடுவேன்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தலை நரைத்த பொம்பளை வந்து நின்று 'கூட விளையாடுவேன்' என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். "வீட்டு விவரமெல்லாம் வெளியே குடுக்கக்கூடாதுங்க" என்றாள். அக்கா படியிறங்கி வரும்போது காது இரண்டும் சுட்டது. ஊரில் முறை சொல்லிக் கூப்பிடாத ஆள் உண்டா? எதிர் வீட்டுக்காரனும் மாமா, பஸ்ஸில் இடம் கொடுத்தவளும் அக்கா. வருஷக்கணக்காகத் தோளோடு தோள் நின்றவருக்கு மட்டும் அவள் ஒன்றும் வேண்டாதவள். தனக்குக் கோபம் வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். அவர் வரவில்லை, அவருடைய சட்டைகள் வந்தன. சலவை முடிந்து ஈரத்தோடு வண்டியில் கிடந்த குவியலில் இரண்டு சாம்பல் நிறச் சட்டை. மேலே ஒரு துண்டுச்சீட்டு: புது ஆளுக்கு, கை நீளத்தைக் குறைக்கவும். சீட்டைப் பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முழங்கைப் பக்கம் அந்தச் சுருக்கம் இருந்தது. அவர் இனிமேல் வரமாட்டார். இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சட்டையைப் போடாமல் நின்றாள். ஆவி வீணாக மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு சட்டையைத் தேய்த்து அனுப்பினாள். மற்றதைத் தேய்க்க மனம் வரவில்லை. மடித்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வேலையில் அவள் செய்த முதல் திருட்டு அது.

அப்புறம் நேரே வாசலுக்குப் போனாள். "இந்த யூனிஃபார்மை யாருப்பா கொண்டுவந்து குடுத்தது?"

"அவரு பொண்ணுக்கா" என்றான் வாட்ச்மேன். "நான்தான் ஆட்டோ பிடிச்சுக் குடுத்தேன். பக்கவாதமாம். ஒரு பக்கம் விழுந்துருச்சாம், பேச்சும் போயிடுச்சாம். கடைசி ஸ்டாப், சைக்கிள் கடைக்கு மேல்மாடின்னு ஆட்டோக்காரன்கிட்ட சொல்லிச்சு." அவள் முறைத்த முறைப்பில் அவன் குரல் இறங்கியது. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

மத்தியானம் ஓய்வறையில் எல்லாரும் 'த்சொ' கொட்டினார்கள். "போய்ப் பாக்கணும்" என்றான் பாய்லர்காரன், நிஜமான வருத்தத்தோடுதான். "எல்லாருமா சேர்ந்து ஒரு நாள் போகணும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. அது வராத நாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். பஸ் கடைசி நிறுத்தம்வரை போக வேண்டும். ஆள் இறங்க இறங்க வண்டி காலியாகிக்கொண்டே வந்தது. அவர் எழுந்து நடமாட வேண்டும், பேச வேண்டும் என்பதெல்லாம் டாக்டர் பாடு, கடவுள் பாடு. அவளுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம்தான். அந்த மனுஷர் முகத்தில் ஒரு தரம், 'ஆமாம், இவளை எனக்குத் தெரியும்' என்று தெரிய வேண்டும். அது கிடைக்காவிட்டால் இத்தனை வருஷமும் அவள் யாரோடும் எதுவும் ஆடவில்லை என்று ஆகிவிடும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, என்ன பேசுவது என்று முணுமுணுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக் குரல், சரியாக வரவில்லை.

சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி. கதவைத் திறந்தது மகள். முப்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு.

"யாருங்க?"

"ஹோட்டல்லேருந்து வரேம்மா. இஸ்திரி போடுறவ."

"யூனிஃபார்ம் ரெண்டையும் குடுத்துட்டோமே!"

அலமாரியில் பூட்டிய சட்டை நினைவுக்கு வந்து அக்காவுக்குப் பகீரென்றது. "அதுக்கு வரலம்மா. அப்பாவைப் பாக்கலாம்னு. அவர்கூட மத்தியானத்துல கம்பி ஆட்டம் ஆடுவேன்."

"என்ன ஆட்டம்?"

சொன்னாள். மகள் நம்பவில்லை. "எங்கப்பாவா? விளையாடுவாரா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "என் புள்ள ஒரு நாள் சீட்டுக்கட்டை எடுத்துக்கிட்டுப் போய் தாத்தா தாத்தான்னு கெஞ்சினான். போடான்னுட்டாரு. இங்க வந்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்குவாரு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"என்னைப் பத்திச் சொல்ல என்னம்மா இருக்கு" என்றாள் அக்கா. பட்ட அடியை அப்படி வழித்துவிட்டுக்கொண்டாள்.

உள்ளறையில் ஜன்னலைப் பார்த்து ஒரு மர நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் யாருடைய கையோ போலக் கிடந்தது. இடது கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி, திருப்பித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது; ஒவ்வொரு திருப்புக்கும் நாற்காலி முனகியது.

"நாள் பூரா இப்படித்தான்" என்றாள் மகள். "குழாயைத் திறக்கச் சொல்றாரோன்னு திறந்து பார்த்தோம். கதவைத் திறக்கச் சொல்றாரோன்னு பார்த்தோம். லிஃப்ட் ஞாபகம்னு வீட்டுக்காரர் சொல்றாரு." ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டாள். "உட்காருங்க. அப்பா! யாரு வந்திருக்காங்க பாருங்க! தெரியுதா?"

அக்கா எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: அவருடைய இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. அதை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு கண்ணும் ஒன்றாகத் தெரிகிற முகம் அவளுக்குப் புதுசு. தெருவில் எதிரே வந்திருந்தால் யாரோ என்று கடந்து போயிருப்பாள்.

அவரும் அப்படித்தான் பார்த்தார். மீட்டர் பார்க்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அது அவள் முகத்தில் கொஞ்சம் நின்றது, தோளுக்கு மேலே போனது, ஜன்னலை மறைக்கிறாளே என்று சற்றுச் சுளித்தது.

"நான்தாங்க" என்றாள். குரல் கிறீச்சிட்டது. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "முன்னாடி நிக்கிறவ."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. யாரையும் அடையாளம் தெரியல" என்றாள் மகள். அது பொய் என்று அக்காவுக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் பேரப்பையன் வாசலில் ஓடினபோது அவர் கண் அவன் பின்னாலேயே போயிற்று. அவளைத்தான் தெரியவில்லை. அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று.

"வரேம்மா" என்று எழுந்தாள்.

"டீ போட வச்சிட்டேங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போறதாவது, உட்காருங்க." மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். டீ வந்தது, மகள் மறுபடி உள்ளே போனாள். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரமாவது இங்கே இருந்தாக வேண்டும். அந்த நேரமும் அவர் எதிரே உட்கார்ந்து, தன்னைத் தெரியாத முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. வேறு எந்த யோசனையும் இல்லை, வெட்கம்தான். நாற்காலியைத் தூக்கி அவருடைய வலப்பக்கமாகக் கொண்டுபோய், ஜன்னலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தால் அவருக்கும் தெரியாது.

டீயை மடமடவென்று குடித்தாள். ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன மேசை இருந்தது. அதன் விளிம்பில் டம்ளரை வைத்தாள். எழுவதற்கு முன்னால், பழக்கத்தில், வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

இடப்பக்கம் நாற்காலியின் முனகல் நின்றுவிட்டது. அந்தக் கை திருப்புவதை விட்டுவிட்டது.

அவள் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் நின்று அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை, அதுதான் காரணம். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒருவன் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

டக் டக்.

மோதிர விரல், நாற்காலிக் கைப்பிடியின் மேல். முன்பெல்லாம் அது வலது கையின் வேலை. இப்போது இடது கை அதைச் செய்தது, கொஞ்சம் இடறலாக. ஆனால் அதே இடைவெளி.

அவள் மனசு அதைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் கை புரிந்துகொண்டது. வெறும் காற்றில் வலது மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டியது. வளையல்கள் குலுங்கின.

"ம்" என்றார் அவர்.

கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது அப்போது கொட்டிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையை எடுக்கவில்லை. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மகள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அப்பா குரலா அது? அப்பா! என்னப்பா சொன்னீங்க?" முன்னால் மண்டியிட்டு அவர் முகத்தைப் பிடித்தாள். அவர் தலையைச் சாய்த்து, அவளைத் தாண்டி முன்னால் பார்க்கப் பார்த்தார். மகள் மறைத்துக்கொண்டிருந்தாள். "இத்தனை நாளா ஒரு சத்தம் வரலையே! உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அக்கா. "கோல் விழுந்துச்சு."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் புரியவில்லை அவளுக்கு; ஆனாலும் மெல்ல நகர்ந்து ஓரமாக நின்றுகொண்டாள். அவள் முகமும் அழுகிற மாதிரி ஆயிற்று. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா? வீட்டுக்காரர் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்? நீங்க எங்கப்பாவுக்கு என்ன வேணும்?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் டக் டக் என்றது.

அவள் வாயை மூடிக்கொண்டு முன்னால் திரும்பினாள். ஆட்டத்துக்கு நடுவில் பேசினால் அவருக்குப் பிடிக்காது.